காருக்கு நீலம்

ஜனவரி 5, ஞாயிறு

புது டைரி. போன வருட டைரியில் பாதிக்கு மேல் காலி. வேலையில் இருந்தவரை எழுத நேரமில்லை, ஓய்வு பெற்ற பிறகு எழுத விஷயமில்லை. இந்த வருடம் விஷயம் இருக்கிறது.

என் தங்கை சம்பூர்ணத்தின் மகள் மிதுனாவுக்குப் பிப்ரவரி 16 கல்யாணம். மண்டபம் காங்கயத்தில். எங்கள் குடும்ப வழக்கப்படி, முதல் நாள் பெண் தாய்மாமன் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிட வேண்டும். சாயங்காலம் தாய்மாமன்தான் அவளை மண்டபத்துக்கு அழைத்துப் போய் இறக்க வேண்டும். சம்பூர்ணத்தின் கல்யாணத்தில் எங்கள் மாமா வாடகைக் காரில் கூட்டிப்போனார். நான் என் சொந்தக் காரில், நானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவேன் என்று நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொல்லிவிட்டேன்.

காரின் நிறம் வெள்ளை. வேறு நிறம் வாங்க எனக்கு மனது வராது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் துணிக்கு நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் நான் காலமெல்லாம் பார்த்த வேலை. அதிலும் வெள்ளை என்றால் என் மேஜைக்குத்தான் வரும். பால் வெள்ளை, பனி வெள்ளை, பஞ்சு வெள்ளை, தந்த வெள்ளை என்று மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிவதைத் தூர நின்றே பிரித்துவிடுவேன். துணி வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், "இந்தக் கண்ணை விலைக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார். கலாமணி இதை நம்புவதில்லை. கலாமணி என் மனைவி. அவள் பொதுவாக எதையும் நம்புவதில்லை.

இன்று அந்தக் கண்ணால் வண்டியை உற்றுப் பார்த்தேன். மங்கிவிட்டது. வெள்ளையில் லேசாக மஞ்சள் ஏறியிருக்கிறது. வெயிலும் போர்த் தண்ணீர் உப்பும் காக்கையும் சேர்ந்து செய்த வேலை. கல்யாணத்துக்குள் மீட்டாக வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

வெயில் ஏறுவதற்குள் கழுவினேன். சூடான வண்டியில் தண்ணீர் பட்டால் அப்படியே காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை தங்கும். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு மணலே வண்டியைக் கீறிவிடும். மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீர்.

கடைசி அலசலின்போது கலா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, நல்ல தண்ணியே வாரத்துக்கு ரெண்டு தடவதான் வருது. அத எடுத்துக் காருக்கு ஊத்தறீங்களே, நியாயமா?"

"உப்புத் தண்ணி பெயிண்ட்டத் தின்னுரும் கலா."

"அப்ப நாம குடிக்கறதுக்கு உப்புத் தண்ணியா?"

தர்மசங்கடமான கேள்விகளை அவள் காலையிலேயே கேட்டுவிடுவாள்.

துடைத்து முடித்துப் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

இட்லி மஞ்சளாக இருந்தது. உளுந்து சரியில்லை போலிருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இட்லி மஞ்சளா?" என்றாள் கலா. "உப்பு எச்சுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கல்லாட்ட இருக்குதுன்னு சொல்லுங்க, அதையுங்கூட ஒத்துக்கறேன். பூவாட்டம் வெள்ளையா இருக்கற இட்லியப் போயி மஞ்சளுங்கறீங்களே!"

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பழம் சாப்பிட்டேன். அது மஞ்சளாக இருந்ததில் ஆட்சேபணை இல்லை.

ஜனவரி 9, வியாழன்

அவினாசி போய் சம்பூர்ணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. ஊரில் ஒருவனுக்கும் விளக்கைத் தாழ்த்தி ஓட்டத் தெரியவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் முள்ளு முள்ளாக ஒளி. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. வெள்ளைக் கோடு போட்டு வைத்தால் என்ன இவர்களுக்கு? போட்டுத்தான் இருக்கிறது என்றாள் கலா. தலையில் இடித்துக்கொண்ட கோபத்தில் சொல்லியிருப்பாள்.

இனி ஆறு மணிக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இருட்டில் பூச்சிகள் வந்து முகப்பில் மோதி நசுங்குகின்றன. அந்தச் சாறு பெயிண்ட்டை அரித்துவிடும்.

ஜனவரி 11, சனி

விலை கூடிய மெழுகு பாலிஷ் வாங்கினேன். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்து எடுத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. வண்டி மட்டும் பனி மூட்டத்துக்குள் நிற்கிற மாதிரியே நிற்கிறது.

பெயிண்ட் பட்டறை சாகுலிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா பாவமுங்க. இதுல பாத்து நான் தலை சீவிக்கறேன் பாருங்க." நிஜமாகவே சீப்பை எடுத்துச் சீவினார்.

"மஞ்சள் தெரியலீங்களா உங்களுக்கு?"

"எங்கீங்க மஞ்சளு?"

அவருக்குப் புரிய வைப்பதற்காக, "உங்க சட்டை மாதிரி" என்றேன். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நேற்றுத்தான் எடுத்த வெள்ளைச் சட்டையாம். அப்புறம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி 13, திங்கள்

பொங்கலுக்கு எடுத்த வேட்டியும் பழுப்பு. கடைக்காரனிடம் கேட்டால் சிரிக்கிறான். திருப்பூரில் வெள்ளை தெரிந்த கடைசி ஆள் நான்தான் போலிருக்கிறது.

பௌர்ணமி நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம். நிலாவே இரண்டாகத் தெரிந்தது. மழை வரப்போகிறது. வண்டிக்கு உறை வாங்க வேண்டும்.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். கலா நேற்று மாலை பல்லடத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு வருவாள். அங்கே மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள். நம்மிடம் இருப்பது இதுதான் என்று காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

நீலம்!

வெள்ளைத் துணியில் பழுப்பு ஏறினால் பட்டறையில் என்ன செய்வோம்? ஒரு துளி நீலம் காட்டுவோம். மஞ்சளை விரட்ட நீலத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. வீட்டில் வேட்டிக்குப் போடுவதும் அதனால்தான். துணிக்கு உள்ள நியாயம் காருக்கும் உண்டுதானே?

குளியலறையில் நீலம் புட்டி இருந்தது. கடைசி அலசலுக்கு வைத்திருந்த வாளியில் சொட்டு நீலம் விட்டேன். ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். அதுவும் போதவில்லை. வழுவழுப்பான பெயிண்ட்டில் தண்ணீர் நிற்குமா, வழிந்து ஓடிவிடுகிறது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மெழுகு பாலிஷில் நீலத்தைக் குழைத்தேன். கூரையில் ஆரம்பித்து, முகப்பு, நான்கு கதவு, பின்புறம் என்று ஒரு இடம் விடாமல் பூசினேன். புட்டி காலி.

காய்ந்ததும் துடைத்தேன். அடடா! பால் வெள்ளை. நாற்பது வயதில் நான் பார்த்த அதே பால் வெள்ளை. தெருவில் நின்று கை தட்டலாம் போல இருந்தது. யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தட்டினேன்.

ஜனவரி 17, வெள்ளி

இரண்டு நாளாக ஊரெல்லாம் வண்டியைக் காட்டிவிட்டு வந்தேன். பார்க்காத ஆள் இல்லை. பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போட்டவர் அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிக்னலில் நின்ற ஸ்கூட்டரில் ஒரு பெண் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

எதிர்வீட்டு லூர்துசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க, கலர் மாத்தீட்டீங்களாட்ட இருக்குது?"

"மாத்துலீங்க, மீட்டிருக்கறேன்."

"ஓ" என்றார். பிறகு இன்னொரு தடவை "ஓ" என்றார். பொறாமை மனிதர்களைப் பேச்சிழக்கச் செய்யும்.

ஜனவரி 19, ஞாயிறு

கலாவை மிதுனா தன் காரில் கூட்டிவந்து இறக்கினாள். நான் முன்கூட்டியே காரை வாசலில் நிறுத்தி, மேல் போர்வையை விலக்குவதற்குத் தயாராக நின்றேன். இருவரும் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் விலக்கினேன்.

மிதுனாவின் வாய் திறந்தபடி இருந்தது. கலா தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எப்புடி?" என்றேன்.

"மாமா..." என்றாள் மிதுனா. சிரிப்பு வந்து அதை அடக்குகிற குரல். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. வீட்டுக்குள் போய் என் பொங்கல் வேட்டியை எடுத்து வந்து முகப்பின் மேல் விரித்தாள். "இது என்ன நெறமுங்க மாமா?"

"பழுப்பு."

"வண்டி?"

"இதென்ன கேள்வி கண்ணு, வெள்ளை. பால் வெள்ளை."

அவள் கலாவைப் பார்த்தாள். கலா என் பக்கத்தில் வந்து நின்றாள். இட்லிக்கு எகிறியவள், தண்ணீருக்குச் சண்டை போட்டவள், இப்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வேட்டிதானுங்க வெள்ளை. வண்டி நீலமா இருக்குதுங்க."

அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தக் குரலுக்கு வேட்டியை எடுத்து மடிக்கத்தான் முடிந்தது.

ஜனவரி 20, திங்கள்

நிறத்தைப் பற்றி இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 22, புதன்

கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், மிதுனா வயதுதான் இருக்கும். தாடையை ஒரு மேடையில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்குதுங்க ஐயா. மஞ்சக் கண்ணாடி போட்டுப் பாக்கற மாதிரி எல்லாமே மஞ்சளாத் தெரியும். நீலம் கண்ணுக்குள்ள சரியாப் போகாது. கொஞ்சங் கொஞ்சமா வர்றதுனால நமக்கே தெரியாதுங்க."

எனக்கா தெரியாது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வண்டி ஓட்டறீங்களா?"

"எப்பவாச்சுமுங்க."

"தெனமுங்க டாக்டர்" என்றாள் கலா. "தெனமும் கழுவி, தெனமும் ஓட்டறாருங்க."

ஓட்டவே கூடாதாம். அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வை பளிச்சென்று வந்துவிடுமாம். முதலில் வலது கண், அப்புறம் ஒரு மாதம் கழித்து இடது. அப்போதும் அவர்கள் சொல்கிறவரை வண்டியைத் தொடக் கூடாது. பிப்ரவரி 15 அன்று ஓட்ட முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். முடியும் என்று ஆட்டவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கண்ணை வைத்துச் சோறு தின்றவன் நான். அந்தக் கண் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? சாகுலின் சட்டை, கடைக்காரனின் வேட்டி, கலாவின் இட்லி. எல்லாம் வெள்ளையாகவே இருந்திருக்கின்றன. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கல்யாணம் முடியட்டும், பிறகு கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். கோளாறு நிறத்தில்தான். ரோடு என்ன நிறமாக இருந்தால் என்ன? காங்கயம் ரோடு எனக்கு மனப்பாடம். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை நிறுத்த முடியாது. பெண்ணை வேறு எவனோ ஓட்ட, நான் பின்சீட்டில் தாம்பூலத் தட்டோடு உட்காருவதா?

கலாவிடம் சொன்னேன். அவள் பதிலைப் பாத்திரங்கள் சொல்லின.

ஜனவரி 25, சனி

காங்கயம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். வண்டியைக் கழுவவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்று முழுவதையும் எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் தூக்கம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

போகும்போது சரியாகத்தான் போனேன். நான் ஜெயித்துவிட்டதாகக் கலாவுக்கு இரண்டு தடவை சொல்லவும் செய்தேன். திரும்பும்போது சூரியன் நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க ஒரே வெளிச்சம், அதற்குள் ரோடு எங்கே என்று குத்துமதிப்பாகப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று கலா "நிறுத்துங்க!" என்று அலறி, கை பிரேக்கைப் பிடித்துத் தூக்கினாள். வண்டி இழுத்துக்கொண்டு நின்றது.

முன்னால் ஓர் அம்மாள். தலையில் புல்லுக்கட்டு. முகப்பில் கை வைத்தால் தொடுகிற தூரம். நான் அவளைப் பார்க்கவே இல்லை. நின்ற பிறகும், அவள் அசைந்த பிறகுதான் அது ஒரு ஆள் என்று தெரிந்தது.

"பாத்துப் போங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போனாள். கோபம்கூடப் படவில்லை. கலாவும் என்னைத் திட்டவில்லை. பக்கத்துப் பேக்கரி வரை நடந்து போய், ஒரு டிரைவரைக் கேட்டுப் பிடித்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

இன்று காலை மிதுனாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். புல்லுக்கட்டையும் சொன்னேன். "மாமனால ஓட்ட முடியாது கண்ணு. நல்ல டிரைவராப் பாத்து வெச்சுத் தர்றேன்" என்றேன்.

அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, என்னையக் கூட்டிட்டுப் போயி எறக்கோணும், அதுதானுங்க மொறை?"

"ஆமா."

"அப்பக் கூட்டிட்டுப் போங்க. ஸ்டியரிங்க நான் புடிச்சுக்கறேன்."

"கல்யாணப் பொண்ணா? பட்டுச் சீலையக் கட்டீட்டா?"

"செருப்பக் கழட்டீட்டு ஓட்டுவனுங்க. நீங்க முன்னாடி ஒக்காந்து வழி சொல்லுங்க. ரோடுதான் உங்களுக்கு மனப்பாடமாமே, அத்தை சொன்னாங்க."

கலா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். இந்த ஒரு தடவை அவளுக்குக் கோயில் கட்டலாம்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிக்கோங்க. என்ர கல்யாணத்த நீங்க மஞ்சளாப் பாக்கக் கூடாது."

ஜனவரி 29, புதன்

வலது கண் முடிந்தது. வலிக்கவில்லை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த வரி கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜனவரி 30, வியாழன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் பார்த்தது சுவர். வெறும் ஆஸ்பத்திரிச் சுவர். தந்த வெள்ளை என்று எனக்குத் தெரிந்தது! நர்ஸ் உடுப்பு பனி வெள்ளை, கழுத்துப் பட்டையில் மட்டும் சோப்பு சரியாகப் போகாத வெள்ளை. கட்டிலின் விரிப்பு பஞ்சு வெள்ளை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே வானம் இருந்தது. இப்படி ஒரு நீலத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வெறுமனே இருந்திருக்கிறது அது.

அப்புறம் கலா பக்கம் திரும்பினேன்.

"ஏம்புள்ள, எப்ப இத்தன நரைச்சுது உனக்கு?"

"நீங்க காரு தொடச்சிட்டிருந்தப்ப" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இழுக்காதே என்றேன். வகிட்டில் ஆரம்பித்துக் காதோரம் வரை அப்படி ஒரு வெள்ளை. நான் பெயர் வைக்காத வெள்ளை அது. ரொம்ப அழகாக இருக்கிறாய் என்று நர்ஸ் காதில் விழும்படியே சொன்னேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் பதில் சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வாசலில் அது நின்றது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். ஐயோ! பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளின் தாவணி நீலம். அதுவும் ஒரே சீராகக் கிடையாது. கதவு இடுக்குகளில் திட்டுத் திட்டாக மை, கூரையில் கோடு கோடாக. இதை ஓட்டிக்கொண்டு நான் ஊரெல்லாம் போயிருக்கிறேன், பெட்ரோல் பங்க்கில் இறங்கி நின்று சிரித்துவேறு இருக்கிறேன். லூர்துசாமி இரண்டு தடவை சொன்ன "ஓ" இப்போதுதான் எனக்குக் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை.

"குலுங்காதீங்க, கண்ணு!" என்று கலா அதட்டினாள். அவளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நீலம் இறங்கியது.

நான் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, குனியக் கூடாது. அதனால் தூரத்தில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, கலாவுக்கு உத்தரவு போட்டேன். பாத்திரம் கழுவும் சோப்பை வண்டிக்குப் போடவே கூடாது, மெழுகை உரித்துவிடும். இன்று உரிய வேண்டியதே அந்த மெழுகுதான் என்பதால் தாராளமாகப் போடச் சொன்னேன். நீலம் நீலமாக நுரை வழிந்து தெரு வரை ஓடியது.

"வட்டமாத் தேய்க்காத கலா. நேரா, நேரா. துணிய அலசு."

"எந்திரிச்சு வந்தன்னா அந்தத் துணிய உங்க வாயில வெச்சிருவேன்."

ஆனால் முடித்தபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விலகி நின்று பார்த்ததை நான் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கழுவி முடித்த வண்டியை அப்படி நின்று பார்ப்பவர்கள் அப்புறம் மறுபடியும் கழுவுவார்கள். சொன்னபடியே, பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் திட்டை நான் காட்டாமலே அவளாகக் கண்டுபிடித்துத் துடைத்தாள். பிறகு புதிதாக மெல்லிய மெழுகு பூசினாள், நீலம் இல்லாமல்.

இன்னொரு வேடிக்கை. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் உலகம் மஞ்சள். இடதை மூடி வலதால் பார்த்தால் வெள்ளை. இட்லியை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு என்ன நெறமுங்க?" என்றாள் கலா.

"ஒரு கண்ணுக்கு வெள்ளை. இன்னொரு கண்ணு உங்கிட்ட மன்னிப்புக் கேக்குது" என்றேன். ஏழு இட்லி சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

சம்பூர்ணம் வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனாள். "கல்யாணப் பொண்ணு காரோட்டிட்டு மண்டபத்துல வந்து எறங்குனா ஒறம்பரை, சொந்தமெல்லாம் என்னண்ணா சொல்லுவாங்க? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

எனக்கும் அது உறுத்தல்தான். நான் மைக்கில் சொன்ன சொல்லால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே. மிதுனாவுக்குப் போன் போட்டு, விட்டுவிடலாம் கண்ணு, டிரைவரே ஓட்டட்டும் என்றேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம். அவர் சொன்ன ஒரே வார்த்தை, "மெதுவா வரச் சொல்லு" என்பதாம். அவர் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாதாம்.

எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 15, சனி

மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே சாப்பாடு நடக்கிறது.

காலையில் பூக்காரர் வந்து, ரோஜா மாலைகளை டேப் போட்டு ஒட்டப் பார்த்தார். டேப்பை உரித்தால் பெயிண்ட்டும் கூட வரும். ஒரு சண்டை போட்டு, மெத்தென்ற துணியை அடியில் கொடுத்து நூலால் கட்ட வைத்தேன். மத்தியானம் மிதுனா விருந்து சாப்பிட்டாள். நாலு மணிக்குக் கிளம்பினோம். அவள் அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வளையலை எல்லாம் முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியோடு. பின்னால் கலாவும் சம்பூர்ணமும் சீர்த் தட்டுகளோடு. சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கண்ணு, பள்ளம் வருது. லெஃப்ட்ல ஆடு. மெதுவா."

"தெரியுதுங்க மாமா."

தெரியும் என்று தெரிந்துதான் சொன்னேன். எனக்குத் தெரிகிறது என்று சொல்லிக்கொள்ள வேறு வழியில்லை. ஒவ்வொரு தென்னை ஓலையும் தனித்தனியாகத் தெரிந்தது. வேகத்தடையில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

மண்டப வாசலில் நாதஸ்வரமும் தவிலும் தயாராக நின்றன. வண்டி நின்றதும் மேளம் எழுந்தது. ஆரத்தித் தட்டோடு மாப்பிள்ளையின் பெரியம்மா பின் கதவுக்கு ஓடிவந்தார். கதவைத் திறந்தால் உள்ளே கலா, சீர்த் தட்டு, சாமி கும்பிடும் சம்பூர்ணம்.

"பொண்ணு எங்கீங்க?" என்றார் அவர்.

அந்தப் பக்கம் டிரைவர் கதவு திறந்தது. வெறும் காலை எடுத்துக் கீழே வைத்து மிதுனா இறங்கினாள். மேளம் தடுமாறி நின்றுவிட்டது. என்னால்தானே இது, இந்தப் பிள்ளைக்கு இனி காலத்துக்கும் ஒரு பேச்சு என்று நினைத்தேன்.

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டி அவள் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார். "எங்க ஊட்டுல நாலு காரு நிக்குது, ஓட்டறதுக்கு ஒருத்தருக்கும் துப்பில்ல. நீ வந்து சேந்தியே சாமி!" என்றார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. மேளம் முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்தது.

அந்த வேகத்தில், பெண்ணுக்கு வழி விடுவதற்காகத் தவில்காரர் பின்னால் நகர்ந்தார். தவிலின் இரும்பு வளையம் கதவில் உரசியது. அந்தச் சத்தம் எனக்கு எந்த மேளத்திலும் கேட்கும். மிதுனாவுக்கும் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"மாமா... கோடு விழுந்திருச்சுங்க மாமா."

நான் சுற்றிக்கொண்டு வந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். பின் கதவில் ஆரம்பித்து முன் கதவின் பாதி வரை, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. பால் வெள்ளைக்கு நடுவே அடிப் பூச்சின் சாம்பல் நிறம், நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் பிசிறு. ஓரத்தில் அவளுடைய பட்டின் அரக்கு நிறம் பிரதிபலித்தது. எல்லாமே அப்படியே தெரிந்தது. தவில்காரர் கை கூப்பிக்கொண்டு நின்றார். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

"தெரியுது கண்ணு" என்றேன். "எனக்கு நல்லாத் தெரியுது."

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் என்ன செய்ய, அது உள்ளேயிருந்து வந்தது. கலா ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சை எடுத்து, மேலிருந்து கீழாக, நேராக, ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.